பாரி மறந்த கவாத்துக் கத்தி

கொடி வளக்கணும்னா மொதல்ல உன் பாசத்தக் கொஞ்சம் கொறச்சிக்கோ பேராண்டி. விடியக்காலம் ஒரு கொடம் தண்ணி, கம்பெனி பஸ்சு வர்றதுக்கு முன்ன ஒரு சொம்பு, ராத்திரி திரும்பி வந்து செல்போன் வெளிச்சத்துல இன்னொரு சொம்பு. ஊட்டுக்கு வந்த சம்பந்திக்குக்கூட நீ இத்தினி தடவ தண்ணி நீட்டினதில்ல. மாடு ஓட்டிக்கினு கூட்டேரிப்பட்டு ரோட்டுப் பக்கம் வந்தப்ப பாத்தேன். உன் புது ஊட்டு வாசல்ல இரும்பு வளைவு ஜம்முனு நிக்குது. அதுக்குக் கீழ முல்லக் கன்னு சேத்துல நிக்குது. எல மொத்தமும் மஞ்சளா கெடக்குது. "தாத்தா, சத்து பத்தலையா? ஏதாவது உரம் வாங்கட்டுமா?"ன்னு உன் பொண்டாட்டி கேக்குது. நல்ல பொண்ணு. அதான் சிரிப்ப அடக்கிக்கினு வந்துட்டேன்.

அதுக்குச் சத்து பத்தாம இல்லடா. மூச்சு முட்டுது. மண்ணுக்குள்ள இருந்தாலும் வேருக்குக் காத்து வேணும். மண்ணுல இருக்கற சந்து பொந்துல எல்லாம் நீ தண்ணிய ரொப்பி வெச்சா காத்து எந்த வழியா போவும்? மண்ணுல வெரல உட்டுப் பாரு. ரெண்டு அங்குலம் வரைக்கும் காஞ்சிருந்தா ஊத்து. ஈரமா இருந்தா சொம்ப உள்ள வெச்சிட்டு டிவி பாக்கப் போ. கன்னு வேர் புடிக்கிற வரைக்கும் ஒரு நாள் உட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு ஒருக்கா. அவ்ளோதான். மஞ்சள்லயும் ரெண்டு தினுசு இருக்குது, தெரிஞ்சிக்கோ. எல முழுக்க மஞ்சளாகி சொத்துனு வுழுந்தா வேர்ல கோளாறு. நரம்பு ஒண்டி பச்சையா நின்னு, நடுவுல இருக்கற சதை வெளுத்துப்போனா இரும்புச் சத்து கொறச்சல். அதுக்கு அன்னபேதி உப்ப லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு எல நனைய அடிச்சாப் போதும். உன்னுது மொத தினுசு. அதுக்கு மருந்து கடையில இல்ல, உன் கையில இருக்குது. கைய மடக்கிக்கோ.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. 2024ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, நீ ஒரகடத்துல மாட்டிக்கினு ஊட்டுக்குப் போன் மேல போன் போட்டியே, அப்ப இந்த மயிலத்துல பேஞ்ச மழ எவ்ளோ தெரியுமா? டிசம்பர் 1ம் தேதி காலையோட முடிஞ்ச ஒரு நாள்ல 51 சென்டிமீட்டர். வருசம் முழுக்கப் பேய வேண்டியதுல ஏறக்கொறைய பாதி. புயலு புதுச்சேரிகிட்ட கரை ஏறிட்டு, மேல நகர மனசில்லாம அங்கயே குந்திக்கிச்சு. எல்லா டிவியிலயும் நம்ம ஊர் பேரு. முருகனுக்குப் பங்குனி உத்திரம் நடக்கறப்பகூட இத்தினி கேமரா வந்ததில்ல. அந்தத் தண்ணியில வாய்க்கால் எடுக்காத கொல்லையில இருந்த முல்லையும் மல்லியும் ரெண்டு மூணு நாள் வேர் முழுகி நின்னு அப்படியே போயிருச்சு. மேட்டுல, பாத்திக்கு வடிகால் வெட்டி வெச்சவன் கொடி நனைஞ்சதோட சரி. இதுல இருந்து நீ இன்னா தெரிஞ்சிக்கணும்? வானம் ஒரு நாள்ல பண்ணத நீ தெனமும் சொம்பால பண்ணிக்கினு இருக்கற.

சரி, அந்தக் கன்ன புடுங்கிடு. அழுவாத. வேற கன்னு நான் தரேன். எங்கூட்டுப் பின்னால முல்லக் கெளைய வளைச்சு, கணுவுல லேசா தோல் சீவி, மண்ணுல அமுக்கிப் பதியம் போட்டு வெச்சிருக்கேன். வேர் வுட்டு நிக்குது. வெல? உறவுக்குள்ள வெல பேசறதா? நீயா பாத்துக் குடு, நான் எண்ணிக்கூட பாக்க மாட்டேன். எங்கூட்டுக் கெழவி எண்ணும்.

எடத்தையும் மாத்து. போர்ட்டிகோ நெழல்ல சொகமா இருக்கும்னு வெச்சிருக்கற. சொகமாத்தான் இருக்கும். சொகமா இருக்கறது எதுக்கு பூக்கணும்? முல்லைக்கு நல்ல வெயிலு வேணும். நெழல்ல எல வரும், நீட்டு நீட்டா கொடி ஓடும், பூ ஒண்டி வராது. வளைவோட கெழக்குக் காலுகிட்ட வை. ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கடப்பாரைய நீயே புடிச்சு வெட்டு. ஜிம்முக்குக் குடுக்கற காசு ஒரு மாசம் மிச்சம். நம்ம பக்கம் மேல செம்மண்ணு, கொஞ்சம் தோண்டினா சரளை. நம்ம மயிலம் மலையே பாறைதானே. ஒரு அடியிலேயே கடப்பாரை ணங்குனு சொல்லும். அத்தோட நிறுத்திக்கினு, மூடிட்டுப் போயிடாத. அங்க நிறுத்தினா மழையில அந்தக் குழி கெணறாயிரும்.

குழிய 15 நாள் வெயில்ல காய உடு. அப்புறம் மக்குன தொழு எரு 10 கிலோ, மேல்மண்ணு, கொஞ்சம் ஏரி வண்டல், ரெண்டு கூடை மணல். கடையில பிளாஸ்டிக் பையில மாடு படம் போட்டு எரு விக்கிறானாம், உன் பொண்டாட்டி காட்டிச்சு. படத்துல இருக்கற மாடு சீமை மாடு. அது எங்க, இன்னாத்த தின்னு போட்டுச்சோ யார் கண்டா? எங்கூட்டுக் கொட்டாய்ல இருக்கற மாட்ட உனக்கே தெரியும், சின்னப் புள்ளையில உன்ன முட்டுனதோட மவதான். அதோட எரு குழியில நல்லா மக்கிக் கெடக்குது. வண்டிக்கு இவ்ளோன்னு உங்கப்பன் காலத்துல இருந்தே ஒரு வெல இருக்குது.

ஆடியில நட்டா ஐப்பசி மழைக்குள்ள வேர் புடிச்சிரும். சித்திரையில நட்டு நிழல்வலை கட்டி, ஈரத்துணி போத்தி, ஆஸ்பத்திரி வேல பாக்காத.

இப்ப பெரிய விசயத்துக்கு வரேன். நம்ம காலேஜு பக்கத்துல டீக்கட இருக்குதே, அங்க நான் ரொம்ப காலமா படிக்கறேன். பொம்மபுர ஆதீனத்துல 1938ல ஆரம்பிச்ச தமிழ்க் காலேஜு அது. அங்க படிக்கற பசங்க டீ குடிக்க வந்தா சங்க இலக்கியத்தக் கூட வெச்சிக்கினு தான் குடிப்பானுங்க. பக்கத்து பெஞ்சியில குந்தினா போதும், ஃபீஸு கட்டாம படிக்கலாம். அப்படி ஒரு நாள் பாரி கத ஓடிச்சு. பறம்பு மலை ராசா. தேர்ல போறப்ப, புடிச்சிக்கப் பிடி இல்லாம காத்துல ஆடற முல்லக் கொடியப் பாத்துட்டு, தேர அதுக்கே உட்டுட்டு நடந்து வந்துட்டான். பசங்களுக்குக் கண்ணுல தண்ணி. எனக்கு ஒரு சந்தேகம். "தம்பி, தேரக் குடுத்தாரு, சரி. அடுத்த தையில கவாத்து பண்ணது யாரு?"ன்னு கேட்டேன். அதுக்கு அப்புறம் அந்தப் பசங்க டீய வெளிய நின்னு குடிக்கிறானுங்க.

நீயே யோசி. முல்ல பூக்கறது புதுத் துளுருல. பழங் கெளையில பூக்காது. வெட்டாம உட்டா இன்னா ஆவும்? கீழ்ப்பக்கம் மொத்தமும் கட்ட கட்டயா தடிச்சிப் போவும், உள்ள காத்து போவாது, வெளிச்சம் போவாது, உச்சியில ஒண்டி நாலு துளுரு வந்து நாலு பூ பூக்கும். அதுவும் ஏணி போட்டாத்தான் எட்டும். அப்படி மூணு வருசம் போனா தேரு தேரா இருக்காது, முல்ல முல்லையா இருக்காது. ஒரு பொதரு. உள்ள பாம்பு குடியிருக்கும். ராசாவுக்குத் தேர் போச்சு, கொடிக்குப் பூ போச்சு. ஈரமான மனசு மட்டும் இருந்தா இதான் கெதி. கூட ஒரு கவாத்துக் கத்தியையும் குடுத்திருந்தாருன்னா அவரு வள்ளல் மட்டுமில்ல, வெவசாயி.

நான் பாரியக் கொற சொல்றேன்னு கோச்சிக்காத. அந்தக் கதைக்கும் நமக்கும் சொந்தம் இருக்குது. பாரி தேர் குடுத்தத, பேகன் மயிலுக்குப் போர்வ குடுத்தத எல்லாம் வரிசையா சொல்ற பாட்டு சிறுபாணாற்றுப்படை. அத நத்தத்தனார் பாடினது யார் மேல? ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் மேல. அவன் ஊரு கிடங்கில். அது எங்க இருக்குதுன்னா, திண்டிவனத்துல பஸ்ச உட்டு எறங்கி கிடங்கலுக்கு வழி கேளு, காட்டுவாங்க. நம்ம ஊரு ராசாவப் புகழறதுக்குத்தான் பாரியையே இழுத்துருக்காங்கடா. பாரி செத்ததும் அவரு பொண்ணுங்க ரெண்டு பேரையும் அவரு சிநேகிதப் புலவரு கபிலர் கூட்டிக்கினு வந்து சேந்ததும் இந்தப் பக்கந்தான். திருக்கோவிலூரு. பெண்ணையாத்துல கபிலர் குன்றுன்னு பாறை இன்னும் நிக்குது. அப்பன் தேர முல்லைக்குக் குடுத்துட்டான், பொண்ணுங்க பறம்புல இருந்து இம்மாந் தூரம் வந்துருக்குதுங்க. எப்படி வந்துச்சுங்கன்னு நான் டீக்கடையில கேக்கல. ஏற்கெனவே கெட்ட பேரு.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க பாரிய மறக்கல. 1972ல அவங்க உட்ட முல்ல ரகத்துக்கு பாரிமுல்லைன்னே பேரு. எலையில வெள்ளக் கம்பளி ஒட்டிக்கினு வருமே, கண்ணுக்குத் தெரியாத சிலந்தி பண்ற வேல, அதத் தாங்கிக்கற ரகம். அப்புறம் 1980ல கோ 1, 1988ல கோ 2ன்னு வந்துச்சு. ஆனா பேரு வெச்ச கையோட அவங்க இன்னொண்ணும் எழுதி வெச்சாங்க பாரு, அதான் எனக்குப் புடிச்சது. முல்லைய ஜனவரி கடைசி வாரத்துல தரையில இருந்து 45 சென்டிமீட்டர் உட்டுட்டு வெட்டுன்னு. அதாவது ஒன்றரை அடி. குண்டுமல்லின்னா நவம்பர் கடைசி, சாதிமல்லின்னா டிசம்பர் கடைசி. பாரி பேரக் காப்பாத்தினாங்க, பாரி மறந்த வேலையையும் முடிச்சாங்க.

ஏன் அந்த மாசம்? மழ ஓஞ்சிருக்கும். பனி அடிக்கறதால கொடியும் சோம்பலா இருக்கும். வெட்டறதுக்குக் கொஞ்ச நாள் முன்னயே தண்ணிய நிறுத்திடணும். எல கொட்டும். உன் பொண்டாட்டி பயந்து சொம்பத் தூக்கும். சொம்ப ஒளிச்சு வை. எல கொட்டினாத்தான் எந்தக் கெளை செத்துது, எது நோயாளி, எது சும்மா எடத்த அடைக்கிதுன்னு கண்ணுக்குத் தெரியும். காஞ்சது, நோய் புடிச்சது, ஒண்ணு மேல ஒண்ணு உரசிக்கறது மூணையும் மொதல்ல எடு. கொல்லையில செடியா இருந்தா மிச்சத்த ஒன்றரை அடிக்கு ஒரேயடியா வெட்டிடுவேன். உன்னுது வளைவுல ஏறணும். அதனால தண்டு ரெண்டு மூணு ஒண்டி முழுசா நிறுத்திக்கோ, அதுதான் அதுக்கு முதுகெலும்பு. பக்கக் கெளைய எல்லாம் ரெண்டு மூணு கணு உட்டு வெட்டு. கணுவுக்கு மேல, சாய்வா. அருவா பட்ட எடம் நசுங்கக் கூடாது. நசுங்குன காயத்துல பூஞ்சணம் வரும். அதனால அரிசி மூட்டை பிரிக்கற அருவாமனையத் தூக்கிக்கினு வராத.

வெட்டி முடிச்சா வாசல்ல மொட்டக் கழி நிக்கும். பக்கத்து ஊட்டுக்காரன் வந்து "இன்னா சார், கொடி போயிருச்சா?"ன்னு துக்கம் விசாரிப்பான். ஒரு மாசம் பொறுத்துக்கோ. மாசி பாதியில கணுவுக்குக் கணு செவந்த துளுரு கெளம்பும். அதுக்குத்தான் இப்ப சோறு. தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. இது ஒரு செடிக்கு ஒரு வருசத்துக்கு. கவாத்து முடிஞ்சதும் பாதி, ஜூன் ஜூலையில மீதி. இதுல கவனிச்சியா? தழைச்சத்துதான் இருக்கறதுலயே கம்மி. நீ இன்னா பண்ணுவ? யூரியாவ ரெண்டு கையால அள்ளிப் போடுவ. எல பச்சப் பசேல்னு வரும், ஃபோட்டோ எடுத்துப் போடுவ, பூ எங்கன்னு கேப்ப.

பெரிய கணக்கெல்லாம் வேணாம்னா மல்லாட்டப் புண்ணாக்க ஊற வெச்சு, கரைச்சு, வேரச் சுத்தி ஊத்து. நம்ம பக்கம் அதுக்கா பஞ்சம்? திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்குது. டி.எம்.வி.ன்னு ஆரம்பிக்கற மல்லாட்ட ரகமெல்லாம் அங்க இருந்து போனதுதான். ஊரு ஊரா நம்ம பேர்ல மல்லாட்ட வெளையுது, நீ ஆன்லைன்ல கடல்பாசி உரம் வாங்கற.

அது இருக்கட்டும். "தாத்தா, முல்ல ஒண்ணுதானா? கலர் கலரா நாலஞ்சு கொடி வெச்சா நல்லா இருக்குமே"ன்னு உன் பொண்டாட்டி கேட்டுது. வெய்யி. ஆனா எது எப்படி ஏறும்னு தெரிஞ்சு வெய்யி. பங்குனி உத்திரத்து அன்னிக்கு மயிலம் பஸ்சுல சனங்க ஏறறத பாத்திருக்கியா? அதான் இது. சங்குப்பூ, கம்பிய சுத்திச் சுத்தி வளைச்சிப் புடிச்சிக்கற சின்னப் பையன். செங்காந்தள், எல நுனி வெரலால கெடச்சத எல்லாம் கொக்கி போட்டுக்கற பாட்டி. காகிதப்பூ, முள்ளு முழங்கைய நீட்டிக்கினு அடுத்தவன இடிச்சு ஏறற முரடன். ரங்கூன் மல்லி எலய உதுத்துட்டு காம்ப ஒண்டி முள்ளா நிறுத்தி அத ஊனிக்கினு மேல போவும், கைத்தடிக்காரரு. நம்ம முல்ல? கூச்ச சுபாவம். யாராவது கையப் புடிச்சி ஏத்தி உட்டாத்தான் ஏறும், இல்லன்னா ஸ்டாண்டுலயே சாஞ்சிக்கினு நிக்கும். அதனால முல்லைய வாரத்துக்கு ஒருக்கா நீதான் வளைவுல சாச்சு, வாழநாரால தளர்வா கட்டி உடணும். கம்பியால இறுக்கிக் கட்டினா தண்டு தடிக்கறப்ப அறுத்துரும்.

செங்காந்தள் வேணும்னு அந்தப் பொண்ணு ஆசப்படுது. முருகன் ஊரு, முருகனுக்கு உகந்த பூ, தமிழ்நாட்டு மாநிலப் பூ. காரணம் எல்லாம் சரிதான். ஆனா கெழங்கு வெசம். உன் புள்ளைக்கு இப்பதான் பல்லு மொளைக்குது, கெடச்சதெல்லாம் வாய்ல வெக்கிது. புள்ள பெரிசாவற வரைக்கும் அத மலையில முருகனே பாத்துக்கட்டும். அப்புறமா வெச்சாலும் ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோ. பூத்து முடிச்சா அது மேல காஞ்சு மண்ணுக்குள்ள தூங்கப் போயிரும். செத்துப்போச்சுன்னு நீ அங்க வேற எதையாவது நோண்டி நட்டுத் தொலைக்காத.

ரங்கூன் மல்லி தோது. ஒரு சாயங்காலம் நாற்காலி போட்டு அது முன்னால உக்காரு, போன உள்ள வெச்சிட்டு. பொழுது சாயறப்ப மொக்கு வெள்ளையா விரியும், நீட்டுக் குழாய் தொங்கும், வாசன வரும். ராத்திரி பெரிய அந்துப்பூச்சி வந்து நீளமா நாக்க நீட்டித் தேன் குடிச்சிட்டுப் போவும். மறுநாள் காலையில அதே பூ ரோசு நெறம். அதுக்கு அடுத்த நாள் செவப்பு. அப்ப தேனீ, பட்டாம்பூச்சி, தேன்சிட்டுன்னு வேற கூட்டம். ஒரே கொத்துல மூணு நெறமும் தொங்கும். உன் பொண்டாட்டி மூணு ரகக் கொடின்னு நெனச்சு மூணு கன்னு வாங்கிட்டு வந்துருக்குது. ஒண்ணே போதும். அந்த ஒண்ணே வெட்டாம உட்டா உன் வளைவ, அப்புறம் ஜன்னல, அப்புறம் கரண்ட் கம்பிய எல்லாம் எழுதி வாங்கிக்கும். மிச்சம் ரெண்ட எனக்குக் குடுத்துடு.

காகிதப்பூவுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது உனக்குப் பாடம் சொல்லவே பொறந்தது. மறந்தாத்தான் பூக்கும். தண்ணிய நிறுத்திக் காய உட்டா பொங்கும், சீராட்டினா பச்ச எலயா நிக்கும். ஆனா கிட்டப் போயி பாரு. நீ பூன்னு நெனச்சிக்கினு இருக்கறது எல. கலர் எல மூணு, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பொடி வெள்ளக் குழாய். அந்தக் குழாய்தான் பூ. புதுச்சேரியில ஒரு வாத்தியாரு சொன்னாரு, பிரெஞ்சுக்காரன் பூகன்வில் 1766ல கப்பல் எடுத்துக்கினு உலகத்தச் சுத்தக் கெளம்பினானாம். கூடப் போன செடி வைத்தியர் கொமெர்சோன், பிரேசில்ல இந்தக் கொடியப் பாத்து கப்பல்காரன் பேர வெச்சாராம். கொமெர்சோனுக்கு ஒத்தாசைக்குப் போன பையன் பையனே இல்ல, ழான் பாரேன்னு ஒரு பொண்ணு. கப்பல்ல பொம்பளைய ஏத்த மாட்டாங்கன்னு ஆம்பள வேசம். உலகத்தச் சுத்தி வந்த மொத பொம்பள அந்த அம்மாதானாம். வேசம் போட்டவங்கதான் வேசம் போட்ட கொடியத் தேடிப் புடிச்சிருக்காங்க.

பூச்சி வந்தா பதறாத. மொக்குல ஓட்ட இருந்து, நாலு மொக்க நூலால சேத்துக் கட்டின கணக்கா இருந்தா மொக்குப்புழு. புழு இருக்கற மொக்கக் கிள்ளி எரி. வேப்பங்கொட்டைய இடிச்சு, லிட்டருக்கு 50 கிராம் கணக்குல ராத்திரி ஊற வெச்சு, வடிகட்டி, துளி சோப்பு சேத்து அடி. கத்தரி வெயில்ல எலயத் திருப்பிப் பாத்தா பொடி செவப்பா ஊருதுன்னா செஞ்சிலந்தி. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். அதையும் உச்சி வெயில்ல அடிச்சா எல கருகிரும். சாயங்காலமா அடி. எலயத் திருப்பிப் பாக்கறதுதான் இதுல பாதி வைத்தியம். நீ மேல மட்டும் பாத்துட்டு "ஹெல்த்தியா இருக்கு தாத்தா"ங்கற.

பூச்சிய விட பெரிய எதிரி ஒருத்தரு இருக்காரு. தோகை வெச்சிருப்பாரு. சூரபத்மன் தவம் பண்ணி மயிலாகி முருகனுக்கு வாகனமான ஊருன்னு பேரு வெச்சிக்கினு, அவரு வம்சத்த வெரட்ட முடியுமா? 1963ல தேசியப் பறவ ஆக்கிட்டாங்க, 1972ல சட்டமும் போட்டுட்டாங்க. இப்ப மல்லாட்டக் கொல்லையில எறங்கி வெதைய நோண்டித் தின்னுட்டு, கையத் தட்டினா திரும்பி நம்மள ஒரு பார்வ பாக்குது. உன் முல்லக் கன்னோட எளந்துளுரையும் கொத்தும், அடியில மண்ணப் பறிச்சு மண்குளியலும் போடும். பேகன் போர்வ குடுத்தாரு, பாரி தேர் குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் கொல்ல கெடையாது, அதான் விசயம். நீ வேலிகாத்தான் முள்ள வெட்டி கன்னச் சுத்தி மூணு அடி உயரத்துக்குக் கூடு கட்டு. கன்னு அதத் தாண்டி வளந்துட்டா மயிலு அடுத்த ஊட்டுக்குப் போயிரும். அடுத்த ஊட்டுக்காரன் துக்கம் விசாரிச்சானே, அவன் கிட்ட.

பூ வந்தா பறிக்கத் தெரியணும். உன் பொண்டாட்டி காலையில எட்டு மணிக்கு விரிஞ்ச பூவப் பறிக்குது, சாயங்காலத்துக்குள்ள வதங்கிருச்சுன்னு வருத்தப்படுது. முல்ல சாயங்காலத்துப் பூ. திண்டிவனம் பூக்கடைக்குப் போறதெல்லாம் பொழுது விடியறதுக்கு முன்ன, நெத்தியில லைட்டு கட்டிக்கினு பறிச்ச மொக்கு. விரிஞ்சத எவனும் வாங்க மாட்டான். கூடையில பனி ஈரத்தோட மொக்காப் போயி, கட்டற கையில மொக்காவே இருந்து, மால நேரத்துல தலையில விரியணும். உனக்கு யாவாரம் இல்ல, நாலு மணிக்கு மேல வெள்ளையா நிமிந்து நிக்கற முத்துன மொக்காப் பாத்துப் பறி. பச்சையா இருக்கறதத் தொடாத, அது நாளைக்கு. நகத்தால கிள்ளாத. காம்போட லேசா நிமிண்டினா வந்துரும். வாழநார நனைச்சு கட்டச் சொல்லு. மார்கழி, தையில பூ கம்மியாத்தான் வரும். அந்த மாசத்துல கடையில கிலோ வெல ஆயிரத்தத் தாண்டி ஓடும். அப்ப நாலு பேரு உன் ஊட்டு வாசல்ல வந்து ரொம்ப அன்பாப் பேசுவாங்க. உள்ள கூப்புடாத.

மொதக் கட்டு மலையேறி முருகனுக்குக் குடுத்துடு. அப்புறம் வாரத்துக்கு ஒரு மொழம் எங்கூட்டுக் கெழவிக்கு. மொழம்னா கெழவி கையால அளக்கற மொழம். பூக்காரி கை மொழமில்ல, அது சுருங்கிக்கினே வருது.

ஜனவரி கடைசி வாரத்துல நீ லீவு போட வேணாம். கவாத்துக்கு நானே வரேன், கத்தியும் நானே எடுத்தாறேன். வெட்டிப் போட்ட கழி, தழை எல்லாத்தையும் உன் வாசல்ல ஏன் குப்பையா போடணும்? எலய ஆடு தின்னும், நல்ல கழியா பாத்து நான் நட்டு வேர் புடிக்க வெச்சிக்கறேன். அடுத்த ஆடிக்கு நம்ம நகர்ல இன்னும் நாலு ஊட்டுல வளைவு நிக்கும், கன்னு கேட்டு வருவாங்க. இன்னாடா சிரிக்கற? வண்டி வாடக ஒண்டி நீ குடுத்துடு.